நிறைந்த நினைவகமும் நிலைகுலையா நிரலும்

மாணவரின் மறதியைக் குறித்து வருந்தாத ஆசிரியர் இலர். கணிப்பொறிக்கோ மறதியே இல்லை என்பது பொதுமக்கள் நம்பிக்கை. அது ஒருவகையில் உண்மையே. ஆயின், கணிப்பொறிக்கு வேறொரு குறை உண்டு. அதன் நினைவகம் அளவுடையது. அளவுடைய எதுவும் ஒருநாள் நிறைந்தே தீரும். பணி நடந்துகொண்டிருக்கும்போதே நினைவகம் நிறைந்துவிட்டால், இயங்கிக்கொண்டிருக்கும் நிரல் என்ன செய்யவேண்டும்? நின்றுவிடுவதா, காத்திருப்பதா, உள்ளதைக் கொண்டு ஒப்பேற்றுவதா, செய்த வேலையைத் திரும்பப் பெற்றுக்கொண்டு தொடங்கிய இடத்திற்கே செல்வதா?

இவ்வினா பொறியியலார்க்கு மட்டும் உரியதன்று. வங்கிக் கணக்கும் மின்கட்டணமும் ஊதியப் பட்டியலும் அறுபதாம் ஆண்டுகள் தொடங்கிப் பெருங்கணிப்பொறிகளின் பொறுப்பில் வந்து சேர்ந்தன. ஒருவர் கணக்கிலிருந்து நூறு வெள்ளி கழிக்கப்பட்டு, மற்றவர் கணக்கில் அது சேர்க்கப்படும் முன்னர் நினைவகம் போதாமல் நிரல் நின்றுவிட்டால், அந்த நூறு வெள்ளி எங்கே போயிற்று? இத்தகைய இழப்பு நேராவண்ணம் காக்க அறிஞர்கள் கண்ட வழிகளின் வரலாற்றைச் சுருங்கக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அருஞ்செல்வமாய் இருந்த நினைவகம்

தொடக்கக் காலக் கணிப்பொறிகளில் நினைவகம் பொன்னைப் போல் அருமையானது. 1949-ஆம் ஆண்டு மே மாதம் கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்தில் மாரிசு வில்க்சு குழுவினர் இயக்கிக்காட்டிய எட்சாக் என்னும் கணிப்பொறி, பாதரசம் நிரம்பிய குழாய்களில் ஒலியலைகளாய் எண்களை ஓடவிட்டு நினைவில் வைத்தது. 1953-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்சுத் தொழில்நுட்பக் கழகத்தில் சே பாரசுட்டர் குழுவினர் உருவாக்கிய வேர்ல்விண்டு கணிப்பொறியில் காந்த வளைய நினைவகம் இடம்பெற்றது. கடுகினும் சற்றுப் பெரிய காந்த வளையங்களில் மெல்லிய கம்பிகளைக் கையால் கோத்து அது செய்யப்பட்டது. ஒரு வளையத்திற்கு ஒரே ஒரு துணுக்குச் செய்திதான். மாலை தொடுப்பதைப் போன்ற இந்நுண்பணி, நினைவகத்தின் விலையை உயர்த்தியே வைத்திருந்தது.

1959-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் அறிவித்த 1401 என்னும் கணிப்பொறி, வணிக உலகில் பெரிதும் பரவியது. அதன் மிகச் சிறிய வடிவில் 1,400 எழுத்துகளுக்கே இடம் இருந்தது. அதன் உச்ச அளவே 16,000 எழுத்துகள்தாம். இன்று ஒரு பள்ளி ஆண்டுமலரின் சில பக்கங்கள் அவ்விடத்தை நிரப்பிவிடும். அத்துணைச் சிறிய இடத்தில் ஒரு நிறுவனத்தின் ஊதியக் கணக்கை முடிக்கவேண்டும் என்பது அக்கால நிரலாளர்க்கு இடப்பட்ட கட்டளை.

அவர்கள் கையாண்ட முதல் உத்தி, நிரலைப் பல துண்டுகளாகப் பிரிப்பதாகும். ஒரு துண்டு நினைவகத்தில் வந்து தன் வேலையை முடித்ததும், அதன்மேலேயே அடுத்த துண்டை நாடாவிலிருந்தோ தட்டிலிருந்தோ கொணர்ந்து வைப்பர். கரும்பலகை நிறைந்ததும் முன்பாடத்தை அழித்துவிட்டுப் பின்பாடத்தை எழுதும் ஆசிரியரின் செயலை ஒத்தது இது. இதன் குறை ஒன்றுண்டு. எத்துண்டுக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்பதை நிரல் எழுதும்போதே வரையறுத்துவிடவேண்டும். வரையறை பிழைத்தால் நிரல் தொடங்கவே தொடங்காது. ஆயினும் இக்குறையிலும் ஒரு நன்மை இருந்தது: இடம் போதாமை வேலையின் நடுவில் வந்து திகைக்கவைக்கவில்லை, வேலைக்கு முன்னரே தெரிந்துவிட்டது.

கேட்டலும் மறுத்தலும்

1964-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள் ஐ.பி.எம். நிறுவனம் சிஸ்டம் 360 என்னும் கணிப்பொறிக் குடும்பத்தை அறிவித்தது. சிறியது முதல் பெரியது வரை எல்லாவற்றிலும் ஒரே நிரல் ஓடவேண்டும் என்பது அதன் அடிப்படைக் கருத்து. அதற்கென எழுதப்பட்ட ஓ.எஸ். 360 என்னும் இயக்க முறைமையின் உருவாக்கத்திற்குத் தலைமை ஏற்ற பிரெடரிக் புரூக்சு, தம் பட்டறிவை 1975-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். நினைவக அளவு என்பது நிரலின் விலையில் ஒரு பகுதி என்பதை அந்நூல் வலியுறுத்துகிறது. அவர் காட்டும் கணக்கொன்று சிந்திக்கத்தக்கது. ஏ.பி.எல். மொழிக்கான நிரலுக்கு மாத வாடகை 400 டாலர்; அது குடியிருக்கும் நினைவகத்தின் மாத வாடகையோ 1,920 டாலர்! குடியிருப்பவனைவிடக் குடியிருக்கும் வீடு ஏறத்தாழ ஐந்து மடங்கு விலை பெற்ற காலம் அது.

பல நிரல்கள் ஒரே நேரத்தில் ஒரே நினைவகத்தைப் பகிர்ந்துகொள்ளும் முறை இக்காலத்தில் வளர்ந்தது. ஒவ்வொரு பணிக்கும் இன்ன அளவு இடம் என்று பணிச்சீட்டில் குறிப்பர். அவ்விடம் அப்பணியின் எல்லை. எல்லைக்குள் தேவைப்படும்போது தேவைப்படும் அளவு இடத்தை நிரல் கேட்டுப் பெறலாம். வேலை முடிந்ததும் திருப்பித் தரலாம். கேட்பதற்குரிய ஆணை கெட்மெயின் என்றும், திருப்பித் தருவதற்குரிய ஆணை ப்ரீமெயின் என்றும் பெயர் பெற்றன.

இங்கேதான் நம் பொருளின் உயிர்நாடி தொடங்குகிறது. கேட்டல் என்னும் செயல் வந்தவுடனே மறுத்தல் என்னும் செயலும் உடன்வந்தது. கெட்மெயின் ஆணையை இருவகையில் எழுதலாம். முதல்வகை, நிபந்தனையற்ற கேள்வி. இடம் இல்லையேல் இயக்க முறைமை அந்நிரலின் இயக்கத்தையே முறித்துவிடும். இம்முறிவுக்கு அப்எண்ட் என்று பெயர். இயல்புக்கு மாறான முடிவு என்பது பொருள். அம்முடிவின் காரணத்தைக் குறியெண் ஒன்று அறிவிக்கும். 80ஏ என்னும் குறியைக் கண்டதும் இடம் போதவில்லை என்பதைப் பெருங்கணிப்பொறிப் பணியாளர் உடனே அறிந்துகொள்வர்.

இரண்டாம் வகை, நிபந்தனையுடன் கூடிய கேள்வி. இடம் உண்டேல் சுழியம் என்னும் விடையும், இல்லையேல் நான்கு என்னும் விடையும் நிரலுக்கு வந்துசேரும். நிரல் முறிவதில்லை. மறுமொழியைப் பார்த்து, அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுக்கும் உரிமை அதற்கு எஞ்சுகிறது. முதல்வகையில் கேட்பவன் மறுப்பை எதிர்பாராதவன்; இரண்டாம் வகையில் கேட்பவன் மறுப்புக்கும் ஆயத்தமானவன். மீட்சி என்பது விழுந்தபின் தொடங்குவதன்று, கேட்கும் முறையிலேயே தொடங்குகிறது என்பதற்கு இதுவே சான்று.

இவற்றினும் நயமான மூன்றாம் வகையும் உண்டு. குறைந்தது இவ்வளவு, கூடியது இவ்வளவு என இரு அளவுகளைச் சொல்லிக் கேட்பது அது. இருப்பதில் பெரியதை இயக்க முறைமை தரும். பதிவேடுகளை வரிசைப்படுத்தும் நிரல்களுக்கு இம்முறை மிகவும் ஏற்றது. நிறைய இடம் கிடைத்தால் ஒரே மூச்சில் பெரும் பகுதியை வரிசைப்படுத்தலாம். குறைந்த இடம் கிடைத்தால் சிறு சிறு பகுதிகளாக வரிசைப்படுத்தித் தட்டில் வைத்துப் பின்னர் ஒன்றுசேர்க்கலாம். நேரம் கூடும், விடை மாறாது. இடத்தின் வறுமையை நேரத்தைச் செலவிட்டு ஈடுசெய்யும் இவ்வறிவு, பெருங்கணிப்பொறி உலகம் கண்ட சிறந்த அறிவுகளுள் ஒன்று.

இருந்தும் இல்லாத இடம்

எம்.வி.டி. என்னும் முறைமை 1967-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தபின் மற்றோர் இடர் வெளிப்பட்டது. பணிகள் வருவதும் போவதுமாய் இருந்தமையால் நினைவகத்தில் இடையிடையே சிறு சிறு வெற்றிடங்கள் விழுந்தன. அவற்றைக் கூட்டிப் பார்த்தால் போதிய இடம் இருக்கும்; ஆனால் தொடர்ச்சியாக இராது. வகுப்பறையில் அங்கொன்றும் இங்கொன்றுமாய் ஆறு இருக்கைகள் காலியாக இருந்தும், ஆறு பேர் அமரும் நீண்ட பலகையை அங்கே போட இயலாதது போன்ற நிலை இது.

இதற்கு நிரலாளர் கைக்கொண்ட மருந்து ஒழுங்கேயாகும். நெடுநேரம் இயங்கும் பணிகளை முதலிலேயே ஓரமாக அமரச்செய்தல், சிறுசிறு அளவாகப் பலமுறை கேளாமல் ஒரே அளவான துண்டுகளாகக் கேட்டல், பெற்றதை மறவாமல் திருப்பித் தருதல் ஆகியவை அவற்றுள் சில. பெற்றதைத் திருப்பித் தர மறந்த நிரல், நாள்தோறும் சிறிது சிறிதாக நினைவகத்தை விழுங்கிக்கொண்டே இருக்கும். குற்றம் செய்த நிரல் ஒன்றாகவும், கடைசியில் இடம் கிடைக்காமல் முறியும் நிரல் வேறொன்றாகவும் இருத்தல் கூடும். ஆதலின், முறிந்த நிரலை மட்டும் ஆராய்வார் உண்மைக் காரணத்தைக் காணமாட்டார்.

விழுந்தபின் எழுதல்

எவ்வளவு எச்சரிக்கையாய் இருப்பினும் முறிவு நேரலாம். ஆகவே, முறிவு நேர்ந்தால் என்னை அழையுங்கள் என்று நிரல் முன்கூட்டியே சொல்லிவைக்கும் வசதியை ஓ.எஸ். 360 அளித்தது. அதற்குரிய ஆணை ஸ்டே எனப்பட்டது. 1974-ஆம் ஆண்டில் வெளிவந்த எம்.வி.எஸ். முறைமையில் அது மேலும் விரிந்து ஈஸ்டே என்றாயிற்று. முறிவு நேர்ந்ததும் இயக்க முறைமை, நிரலாளர் குறித்துவைத்த மீட்பு நடைமுறையை எழுப்பும். என்ன நடந்தது, எக்குறியெண், எவ்விடம் என்னும் விவரங்களை ஓர் ஏட்டில் எழுதி அதன் கையில் கொடுக்கும். மீட்பு நடைமுறைக்கு இரு வழிகள் உண்டு. தன்னால் சரிசெய்ய இயலும் எனின், பாதுகாப்பான ஓரிடத்திலிருந்து வேலையைத் தொடரச் செய்யலாம். இயலாது எனின், தனக்கு மேலுள்ள மீட்பு நடைமுறைக்குப் பொறுப்பை ஒப்படைத்துவிடலாம்.

ஈண்டு ஒரு நுட்பம் கருதத்தக்கது. விவரம் எழுதித் தரும் அந்த ஏட்டிற்கும் நினைவகத்தில் இடம் வேண்டுமன்றோ? நினைவகம் தீர்ந்ததால்தான் முறிவே நேர்ந்தது எனின், ஏட்டிற்கு இடம் எங்கிருந்து வரும்? இதனை அம்முறைமையை வகுத்தோர் எண்ணிப்பார்த்திருந்தனர். ஏடு எழுத இடம் இல்லாதபோது, 12 என்னும் எண்ணை மட்டும் ஒரு குறிப்பிட்ட பதிவியில் இட்டு மீட்பு நடைமுறையை எழுப்புவர். ஏடு இல்லை, உள்ளதைக் கொண்டு முடிவெடு என்பதே அவ்வெண்ணின் பொருள். இவ்வெண்ணைச் சோதித்துப் பாராமல் ஏடு இருப்பதாகவே எண்ணிச் செயற்படும் மீட்பு நடைமுறை தானும் முறிந்துபோகும். காப்பாற்றச் சென்றவனே நீரில் மூழ்கிய கதையாக அது முடியும்.

இடம் தீர்ந்த வேளையில் இடம் தேவைப்படும் எந்த மருந்தும் பயன்படாது. எனவே, மீட்புக்கு வேண்டிய இடத்தை நலமாக இருக்கும்போதே ஒதுக்கிவைக்கவேண்டும் என்னும் கொள்கை உறுதிப்பட்டது. பிற்காலத்தில் ஐ.பி.எம். பெருங்கணிப்பொறிகளில் கோபால், பி.எல்.ஒன்று, சி ஆகிய மொழிகளுக்குப் பொதுவாக அமைந்த இயக்கச் சூழலில், இடம் தீர்ந்த நிலையைச் சமாளிப்பதற்கென்றே ஓர் ஒதுக்கீட்டைக் குறிப்பிட வழிசெய்யப்பட்டது. பி.எல்.ஒன்று மொழியோ, தொடக்கக் காலத்திலேயே இதனை மொழியின் இலக்கணமாகவே ஆக்கிவிட்டது. ஏரியா என்னும் நினைவகப் பகுதி நிறைந்துவிட்டால் என்ன செய்யவேண்டும் என்பதை நிரலாளர் எழுதிவைக்கலாம். அவர் எழுதியவண்ணம் இடம் விடுவிக்கப்பட்டதும், தடைப்பட்ட கேள்வி மீண்டும் ஒருமுறை கேட்கப்படும்.

பந்தியும் வாயிலும்

தொகுதி தொகுதியாகச் செய்யும் வேலையில் ஒரு பணி முறிந்தால் அதனை மீண்டும் ஓட்டலாம். ஆனால், முகப்பில் மக்கள் காத்திருக்க உடனுக்குடன் விடை தரவேண்டிய பணியில் அவ்வாறு செய்ய இயலாது. மின்சாரம், எரிவாயு முதலிய பொதுப்பயன் நிறுவனங்களின் வாடிக்கையாளர் சேவைக்கெனத் தோன்றி, 1969-ஆம் ஆண்டு சூலை மாதம் பொது விற்பனைக்கு வந்த சி.ஐ.சி.எஸ். என்னும் முறைமை இத்தகைய பணிக்கு உரியது. நூற்றுக்கணக்கான முனையங்களிலிருந்து வரும் வேண்டுகோள்கள் அனைத்தும் அதில் ஒரே நினைவகப் பரப்பைப் பகிர்ந்துகொண்டன. தொடக்கக் காலத்தில் அவற்றிடையே மதில் கிடையாது. ஒரு வேண்டுகோள் மிகுதியாக விழுங்கினால் எல்லாமே பட்டினி கிடக்கும்.

இதற்குச் சி.ஐ.சி.எஸ். கண்ட வழியை நம் கோயில் அன்னதானத்தோடு ஒப்பிடலாம். பரிமாறுவோர் பானையில் உள்ள அரிசிச்சோறு முழுவதும் தீரும்வரை வாயிலைத் திறந்துவைப்பதில்லை. ஒரு பகுதியைத் தனியே மூடிவைத்திருப்பர். மூடிவைத்ததில் கைவைக்கவேண்டிய நிலை வந்ததும் வாயிலை அடைப்பர். பந்தியில் அமர்ந்துவிட்டவர்க்கு முழுமையாகப் பரிமாறுவர். வெளியில் நிற்போர் சற்றுப் பொறுத்திருக்கவேண்டும். உண்டோர் எழுந்து இலை எடுத்தபின் அடுத்த பந்தி தொடங்கும்.

சி.ஐ.சி.எஸ். முறைமையிலும் மெத்தை என்று பொருள்படும் பெயரால் ஓர் ஒதுக்கீடு உண்டு. இடம் குறையும்போது, பயன்பாட்டில் இல்லாமல் நினைவகத்தில் தங்கியிருக்கும் நிரல்கள் முதலில் வெளியேற்றப்படும். அதன்பின்னும் போதாமல் மெத்தையைத் தொட நேர்ந்தால், இடநெருக்கடி என்னும் அறிவிப்பு எழும். புதிய வேண்டுகோள்கள் தொடங்கப்படமாட்டா. தொடங்கியவை முடிய வழிவிடப்படும். அவை முடிந்து இடத்தைத் திருப்பித் தந்ததும் நெருக்கடி நீங்கும். இடம் கேட்ட வேண்டுகோளுக்கு உடனே இடம் இல்லையெனில், அதனை முறிக்காமல் உறங்கவைத்து, இடம் கிடைத்ததும் எழுப்புவதே இயல்பான வழக்கம். காத்திருக்க விரும்பாத நிரல், மறுப்பைத் தானே ஏற்று வேறு வழி தேடவும் இடமுண்டு.

காத்திருத்தலிலும் ஓர் ஆபத்து மறைந்துள்ளது. உள்ளே இருப்போர் எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சம் இடத்தைப் பிடித்துக்கொண்டு, மேலும் இடம் வேண்டும் என ஒருவரை ஒருவர் எதிர்பார்த்துக் காத்திருந்தால், எவரும் எழப்போவதில்லை. இந்நிலையில் முட்டுக்கட்டையை உடைக்க எவரேனும் ஒருவரை வெளியேற்றியே ஆகவேண்டும். எவ்வேண்டுகோளை வெளியேற்றினால் தீங்கு நேராது என்பதை நிறுவனத்தார் முன்னரே குறித்துவைக்கும் முறை இதன் பொருட்டே ஏற்பட்டது. நெருக்கடியில் எதை இழக்கலாம், எதை இழக்கலாகாது என்பதை அமைதியான வேளையிலேயே வரையறுத்தல் வேண்டும் என்னும் பாடம் இங்கே கிட்டுகிறது.

செய்ததைத் திரும்பப் பெறல்

வெளியேற்றப்பட்ட வேண்டுகோள் பாதி வேலையை முடித்திருந்தால் என் செய்வது? கட்டுரையின் தொடக்கத்தில் எழுந்த நூறு வெள்ளி வினா இதுவே. இதற்குரிய விடை நினைவகத்தில் இல்லை. எழுதிவைக்கும் பழக்கத்தில் இருக்கிறது.

நிலவுப் பயணத்திற்கான உதிரிப் பாகங்களின் நீண்ட பட்டியலைக் காக்கும் பொருட்டு, ராக்வெல் முதலிய நிறுவனங்களுடன் சேர்ந்து ஐ.பி.எம். உருவாக்கிய ஐ.எம்.எஸ். என்னும் தரவு முறைமை 1968-ஆம் ஆண்டு ஆகஸ்டு 14-ஆம் நாள் முதன்முதலாக இயங்க ஆயத்தம் என்னும் செய்தியை அறிவித்தது. இத்தகைய முறைமைகளில், ஒரு பதிவேட்டை மாற்றும் முன்னர் அதன் பழைய நிலை ஒரு நாட்குறிப்பில் எழுதப்படும். வேலை முழுமையாக முடிந்தால் முடிந்தது என்னும் குறிப்பு பதியும். இடையில் நிரல் முறிந்தால், அந்நாட்குறிப்பைப் பின்னிருந்து முன்னாகப் படித்து, மாறியவை அனைத்தும் பழைய நிலைக்குத் திருப்பப்படும். நூறு வெள்ளி முதலாமவர் கணக்கிற்கே மீளும். முழுமையாக நடந்தது, அல்லது நடக்கவே இல்லை. மூன்றாவது நிலை இல்லை.

தொகுதி வேலைகளிலும் இதற்கு இணையான முறை இருந்தது. பல மணி நேரம் ஓடும் நிரல், இடையிடையே தன் நிலை முழுவதையும் தட்டிலோ நாடாவிலோ எழுதிவைக்கும். இத்தனை பதிவேடுகளுக்கு ஒருமுறை இவ்வாறு செய்க என ஆணையிட, கோபால் மொழியில் தனித்தொடர் ஒன்றே இருந்தது. முறிவு நேர்ந்தால் முதலிலிருந்து தொடங்கவேண்டுவதில்லை. கடைசியாக எழுதிவைத்த இடத்திலிருந்து தொடரலாம். ஆயினும், இடம் போதாமையால் முறிந்த பணியை அதே அளவு இடத்தில் மீண்டும் தொடங்கினால், அதே இடத்தில் மீண்டும் முறியும். காரணத்தை நீக்காத மீட்சி மீட்சியாகாது.

நிலவின் வாயிலில் ஒரு சோதனை

இக்கொள்கைகளை உலகம் முழுவதும் உணர்ந்த நாள் 1969-ஆம் ஆண்டு சூலை 20 எனலாம். அன்று ஹூஸ்டன் கட்டுப்பாட்டு நிலையத்தில் சிஸ்டம் 360 மாடல் 75 வகைப் பெருங்கணிப்பொறிகள் பயணத்தைக் கண்காணித்துக்கொண்டிருந்தன. நிலவில் இறங்கும் ஊர்தியிலோ, மாற்றி எழுதத்தக்க நினைவகம் 2,048 சொற்களே கொண்ட சிறு கணிப்பொறி இருந்தது. அளவில் இரண்டிற்கும் மலைக்கும் மடுவிற்கும் உள்ள வேறுபாடு. ஆனால் இடர் ஒன்றே.

ஊர்தி இறங்கிக்கொண்டிருக்கையில், தாய்க்கலத்தைக் கண்டறியும் ராடாரிலிருந்து தேவையற்ற குறிகள் இடைவிடாது வந்து கணிப்பொறியின் நேரத்தைத் திருடின. அதனால் ஒரு சுற்று வேலை முடியும் முன்னரே அடுத்த சுற்றுக்கான வேண்டுகோள் வந்து நின்றது. ஒவ்வொரு வேலைக்கும் ஒதுக்கும் சிறு நினைவகப் பகுதிகள் அனைத்தும் தீர்ந்தன. 1202 என்னும் எச்சரிக்கை எண் தோன்றியது. புதிய வேலையை ஏற்க இடமில்லை என்பதே அதன் பொருள்.

அக்கணிப்பொறியின் நிரலை எழுதிய மாசசூசெட்சுத் தொழில்நுட்பக் கழகத்தார் இந்நிலையை முன்னரே எண்ணியிருந்தனர். இடம் தீர்ந்ததும் கணிப்பொறி எல்லா வேலைகளையும் ஒருகணம் கைவிட்டு, தன்னைத் துடைத்துக்கொண்டு, இன்றியமையாத வேலைகளை மட்டும் அவை நின்ற இடத்திலிருந்து மீண்டும் தொடங்கியது. ஊர்தியைச் செலுத்தும் வேலை தொடர்ந்தது. குவிந்து கிடந்த பழைய வேண்டுகோள்கள் நீங்கின. தரையிறங்கும் முன்னர் எச்சரிக்கை பலமுறை எழுந்தும் பயணம் தடைப்படவில்லை.

மனிதரின் பங்கும் இதில் சிறிதன்று. அதற்குச் சில நாள் முன்னர் நடந்த பயிற்சியில் இதனையொத்த எச்சரிக்கை எழுந்தபோது, பயணத்தைக் கைவிடுமாறு கட்டுப்பாட்டு நிலையத்தார் தவறாக முடிவெடுத்தனர். அதன்பின், ஒவ்வோர் எச்சரிக்கை எண்ணுக்கும் என்ன செய்யவேண்டும் என்பதைச் சாக் கார்மன் என்னும் இளம் பொறியாளர் கையால் எழுதிப் பட்டியலிட்டு வைத்திருந்தார். உரிய நேரத்தில் அவர் கூறிய கருத்தை ஏற்று, வழிகாட்டுப் பொறுப்பாளர் ஸ்டீவ் பேல்சு பயணத்தைத் தொடர இசைவளித்தார். நிரல் மட்டும் மீட்சிக்கு ஆயத்தமாய் இருந்தால் போதாது. அதனை இயக்குவோரும் ஆயத்தமாய் இருத்தல் வேண்டும்.

வளர்ந்த நினைவகமும் வளர்ந்த பசியும்

நினைவகத்தைப் பெருக்கிவிட்டால் இத்தொல்லையெல்லாம் ஒழியும் என்னும் நம்பிக்கை ஒவ்வொரு தலைமுறையிலும் எழுந்தது. 1962-ஆம் ஆண்டு திசம்பரில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் தொடங்கிவைக்கப்பட்ட அட்லஸ் கணிப்பொறியில், டாம் கில்பர்ன் குழுவினர் ஒரு புதுமையைச் செய்தனர். காந்த வளைய நினைவகமும் காந்த உருளையும் ஒரே பெரிய நினைவகமாய் நிரலுக்குத் தோன்றும். வேண்டிய பக்கம் வளைய நினைவகத்தில் இல்லையெனில், பொறியே அதனை உருளையிலிருந்து கொண்டுவரும். இம்மாய நினைவக முறையை 1972-ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஐ.பி.எம். தன் சிஸ்டம் 370 வரிசையில் பரவலாக வழங்கியது.

மாய நினைவகமும் மாயம் செய்துவிடவில்லை. அளவுக்கு மீறிப் பணிகளை ஏற்றினால், பக்கங்களைக் கொண்டுவருவதும் கொண்டுபோவதுமாகவே பொறியின் நேரம் கழியும். உருப்படியான வேலை நடவாது. இதன் காரணங்களை 1968-ஆம் ஆண்டிலேயே பீட்டர் டென்னிங் என்னும் அமெரிக்க அறிஞர் ஆராய்ந்து வெளியிட்டார். ஒவ்வொரு பணிக்கும் அவ்வப்போது இன்றியமையாது வேண்டப்படும் பக்கங்களின் தொகுதிக்கு இடம் உண்டேல் மட்டுமே அப்பணியை இயங்கவிடவேண்டும் என்பது அவர் கருத்து.

முகவரியின் நீளமும் ஒரு வேலியாயிற்று. சிஸ்டம் 360 முகவரி 24 துணுக்கு நீளமுடையது. ஆகவே 1 கோடியே 67 இலட்சம் பைட்டுக்கு மேல் சுட்ட இயலாது. 16 மெகாபைட் எனப்படும் இவ்வளவு 1964-இல் கடலாகத் தோன்றியது. எழுபதாம் ஆண்டுகளின் இறுதியில் அதுவே குட்டையாயிற்று. ஒவ்வொரு பணிக்கும் தனி முகவரிப் பரப்பு கிடைத்தும், அதன் கணிசமான பகுதியை இயக்க முறைமையே எடுத்துக்கொண்டது. 1983-ஆம் ஆண்டில் எம்.வி.எஸ். எக்சே முறைமை 31 துணுக்கு முகவரியைக் கொண்டுவந்து எல்லையை 2 கிகாபைட்டாக உயர்த்தியது. ஆயின், பழைய நிரல்கள் பல, முகவரிச் சொல்லில் மீந்திருந்த எட்டுத் துணுக்குகளில் வேறு குறிப்புகளை எழுதிவைத்திருந்தன. இடத்தை மிச்சப்படுத்த அன்று செய்த அச்சிக்கனம், பிற்காலத்தில் அந்நிரல்கள் கோட்டைத் தாண்டி மேலே செல்ல ஒட்டாமல் தடுத்தது. ஆகவே, மேலே பெருவெளி இருந்தும் கோட்டுக்குக் கீழே இடமின்றி முறிந்த நிரல்கள் இருந்தன. 2000-ஆம் ஆண்டில் 64 துணுக்கு முகவரி வந்தபின்னும், பழைய நிரல்களின் பொருட்டு இவ்வெல்லைகள் நீங்காமல் நின்றன.

முடிவுரை

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவன சில. ஆயிரம் எழுத்துகள் கொண்ட நினைவகமும் நிறைந்தது. கோடிக்கணக்கில் பெருகிய நினைவகமும் நிறைந்தது. ஆகவே, பெருமையால் மட்டும் பாதுகாப்பு வாராது. மறுப்பை எதிர்பார்த்துக் கேட்டல், நெருக்கடிக்கென ஒருபகுதியை ஒதுக்கிவைத்தல், செய்யும் வேலையைப் பதிந்துவைத்தல், இன்றியமையாததை இன்னதென்று முன்னரே வரையறுத்தல், இயலாதபோது பொறுப்பை மேலோரிடம் ஒப்படைத்தல் ஆகிய ஐந்துமே மீட்சியின் அடிப்படைகள். நிற்பது இழுக்கன்று, பாதி செய்த வேலையை முழுமை போலக் காட்டித் தொடர்வதே இழுக்கு.

நினைவகம் மலிந்துவிட்ட இந்நாளில் நிரல் பயிலும் மாணவர், இடம் கேட்டால் கிடைத்தே தீரும் என்று எண்ணுதல் இயல்பு. கேட்ட இடம் கிடைக்காவிட்டால் உன் நிரல் என்ன செய்யும் என்னும் வினாவை ஆசிரியர் அவர்முன் வைத்தல் வேண்டும். அதற்கு விடை எழுதியபின்னும் பணி முடியவில்லை. இடம் தீர்ந்த நிலையை வேண்டுமென்றே உண்டாக்கி, எழுதிய விடை மெய்யாகவே இயங்குகிறதா என்று ஒருமுறையேனும் சோதித்துப் பார்க்கச் செய்யவேண்டும். நிலவுப் பயணத்தைக் காத்தது அத்தகைய ஒரு பயிற்சியே.